அப்பாவுவின் மீசையும் கிழக்கு மூலை ஒயரும்

“எமனே நேர்ல வந்து நின்னு, ‘அப்பாவு, ஒரு சின்ன ஒதவி’ன்னு கேட்டாலும் ஆயிடும்னுதான் சொல்லுவேன். முடியாதுன்ற வார்த்த இந்த வாயில வந்துச்சுன்னா, அன்னிக்கே மீசைய எட்த்துட்றேன்.”

ஒரகடம் கூட்டுரோட்டு டீக்கடையில், பதினோரு சாட்சிகள் முன்னிலையில், வல்லம் வடகால் அப்பாவு இந்தப் பிரகடனத்தை வெளியிட்டு மூன்று வருடம் ஆகிறது. சாட்சிகளில் நான்கு பேர் அப்போது அவரிடம் ஏதோ ஒன்றைக் கேட்க வந்து நின்றவர்கள். ஆகவே பலமாகத் தலையாட்டினார்கள். பந்தயத்தில் வைக்கப்பட்ட மீசையும் லேசுப்பட்டதல்ல. ஹெல்மெட் போட்டாலும் இரு முனைகள் வெளியே வந்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்பாவுவுக்கு ஐம்பத்து மூன்று வயது. தொழிற்பேட்டைக்கு நிலம் கேட்டு அதிகாரிகள் வந்தபோது ஊரே கூடி யோசித்துக்கொண்டிருக்க, முதலில் ‘ஆயிடும்’ என்றவர் அவர். நெல் விளைந்த இடத்தில் தொழிற்சாலைகள் முளைத்த பிறகு, அந்தத் தொழிற்சாலைகளுக்கு எது வேண்டுமோ அதை ஏற்பாடு செய்வதே அவர் தொழிலாயிற்று. ஆயுத பூஜைக்கு வாழைமரம், கேன்டீனுக்குப் பாத்திரம், சுற்றுச்சுவருக்குள் புகுந்த நல்ல பாம்பைப் பிடிக்க ஆள், எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான்.

இந்தப் பதிலால் விளைந்த நன்மைகள் பல. ஊர்க் கல்யாண மண்டபத்தின் பொறுப்பு அவரிடம் இருந்த காலத்தில், ஒரே முகூர்த்தத்துக்கு இரண்டு வீட்டாருக்கு ‘ஆயிடும்’ சொல்லிவிட்டார். அன்று காலை இரண்டு மாப்பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். அப்பாவு கலங்கவில்லை. தொழிற்சாலை ஊர் அல்லவா? முதல் ஷிப்டில் ஒரு தாலி, இரண்டாவது ஷிப்டில் ஒரு தாலி என்று நடத்தி முடித்தார். சாம்பார் மட்டும் ஓ.டி. பார்த்தது.

அவர் வீட்டு மாடியறையில் நான்கு கட்டில்கள். தெற்கத்திப் பையன்கள் எட்டுப் பேர் வந்து இடம் கேட்டார்கள். இவர் என்ன சொன்னார் என்பதை எழுத வேண்டியதில்லை. பகல் ஷிப்ட் போகிறவன் எழுந்த சூட்டில் இரவு ஷிப்ட் முடித்தவன் வந்து படுப்பான். அந்தக் கட்டில்கள் ஏழு வருடமாகக் குளிர்ந்ததே இல்லை.

எட்டுப் பேரில் ஒருவன் இசக்கி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரன், இரும்புத் தகடுகளை மெஷினில் அழுத்தி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. ஞாயிற்றுக்கிழமை கேரம் போர்டில் அப்பாவுவை விடாமல் தோற்கடிப்பவன். “அண்ணாச்சி, ரெட்டப் போடட்டுமா?” என்று முன்கூட்டியே அனுமதி கேட்டுக்கொண்டு சிவப்புக் காயைப் போடுவான். அதற்கும் அப்பாவு ‘ஆயிடும்’ என்றுதான் சொல்லியாக வேண்டும்.

“ஒன் வாய்க்கு பிரேக்கே கெடையாதா?” என்பார் மனைவி சந்திரம்மாள். “ஒரு சைக்கிளுக்கே ரெண்டு கீது.”

இப்படிப்பட்டவர் வாழ்க்கையில்தான் ஹெலிகாப்டர் வந்து புகுந்தது.

ஷிப்ட் மாறுகிற நேரத்தில் ஒரகடம் சாலையில் ஆம்புலன்ஸ் அகப்பட்டால் சைரன்தான் முன்னே போகும், வண்டி அங்கேயே நிற்கும். அதனால் தொழிற்சாலைகளின் கூட்டமைப்பு, சென்னையில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையோடு பேசி, உயிருக்கு ஆபத்தானவர்களையும் நேரம் தாங்காதவர்களையும் கொண்டுபோக ஒரு ஹெலிகாப்டர் ஆம்புலன்ஸுக்கு ஏற்பாடு செய்தது. கூட்டமைப்பின் மேனேஜர் ஹேமந்த் அப்பாவுவைக் கூப்பிட்டார்.

“லாரி யார்டுக்குப் பின்னாடி காலி எடம் இருக்கில்ல? ஹெலிகாப்டர் எறங்க ரெடி பண்ணணும். திங்கக்கெழம சோதனைக்கு வர்றாங்க.”

“ஆயிடும் சார்.”

ஹெலிகாப்டரில் யார் வருவார்கள் என்பது தமிழ்நாட்டில் கைக்குழந்தைக்கும் தெரியும். தேர்தல் காலங்களில் மூன்று முறை அப்படி இறங்குதளம் அமைத்த முன்னனுபவம் அப்பாவுவுக்கு இருந்தது. ஆகவே இருநூறு பிளாஸ்டிக் நாற்காலி, ஷாமியானா, குலை தள்ளிய இரண்டு வாழை, சிவப்புக் கம்பளம், பேண்டு வாத்தியம், நாற்பதடியில் ‘வருக வருக’ பேனர், பூசணிக்காய் மேல் கற்பூரம். நடுவில் ஆங்கில எச் எழுத்து போட வேண்டும் என்றார்கள். வெறும் சுண்ணாம்பில் போட்டால் களையாக இருக்காது என்று, சந்திரம்மாளையும் மகளிர் குழுவையும் உட்காரவைத்துக் கலர்ப்பொடியில் போட்டார். எச்சைச் சுற்றிப் பதினாறு இதழ்த் தாமரை.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லிவைத்த முன்னோர், ஹெலிகாப்டர் காற்றைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் போனது பெரிய குறை. அது தலைக்கு மேலே வந்ததும் முதலில் தாமரை காணாமல் போனது. வரவேற்க நின்ற பிரமுகர்கள் ஒரே நிமிடத்தில் பச்சையும் மஞ்சளும் ரோஸுமாக ஆனார்கள். நாற்காலிகள் மரியாதையாக எழுந்து நின்றன, பிறகு ஓடின. ஷாமியானா கிளம்பிப் பக்கத்துத் தொழிற்சாலைக் கூரைமேல் போய், மடிப்பில்லாமல் விரித்துக்கொண்டது. பேண்டு மாஸ்டர் தன் தொப்பியை இன்றுவரை தேடுகிறார். பேனர் சிங்கப்பெருமாள் கோவில் ரோட்டில் ஒரு ஷேர் ஆட்டோவைப் போர்த்தியது. அதில் இருந்த ஒன்பது பேரும் வருக வருக என்று வரவேற்கப்பட்டார்கள்.

வரவேற்கப்பட வேண்டிய ஹெலிகாப்டர் இறங்கவில்லை. மேலே பத்து விநாடி நின்று பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டது.

பறந்து வந்தவர்கள் மறுநாள் காரில் வந்தார்கள். ஒருவர் பைலட், கேப்டன் ஜோயல், அளந்து பேசுகிறவர். மற்றவர் ஷெர்லின். ஹெலிகாப்டரில் நோயாளியோடு பறக்கும் நர்ஸ். தரையில் நிற்பவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பதும் அவர்தான். ஸ்ரீபெரும்புதூர்ப் பெண், முப்பத்திரண்டு வயது.

“யாருண்ணா இந்த ஏற்பாடெல்லாம் பண்ணது?” என்றார் ஷெர்லின்.

“நான்தாம்மா.”

“நல்லா இருந்துச்சு. அந்த ஷாமியானா மட்டும் மேல வந்து எங்க றெக்கைல சுத்தியிருந்தா, ஒங்கள நேர்ல பாத்துப் பாராட்ட நாங்க ரெண்டு பேரும் இருந்திருக்க மாட்டோம்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அப்பாவு மீசையைத் தடவினார். அதிலிருந்து கொஞ்சம் ரோஸ் பொடி உதிர்ந்தது.

“வர்றது மந்திரி இல்லண்ணா, பேஷண்ட்டு. அவருக்கு வாழமரம் வேணாம். ஒன்னுமே இல்லாத எடம்தான் வேணும்.”

“ஒன்னுமே இல்லாம பண்ணணுமா? ஆயிடும்மா.”

ஹேமந்த் அப்பாவுவை அத்தோடு நிறுத்திவிட்டு வேறு ஆளைப் போடுவதாக இருந்தார். ஷெர்லின் தடுத்தார். “இவரையே போடுங்க சார். இந்தத் தப்ப இவர் இனிமே ஜென்மத்துக்கும் பண்ண மாட்டாரு. புதுசா வர்றவரு திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிப்பாரு.”

இவ்வாறாக அப்பாவு, இறங்குதளப் பொறுப்பாளர் ஆனார். மஞ்சள் ஜாக்கெட், கையடக்க ரேடியோ, தினமும் எழுத ஒரு பதிவுப் புத்தகம்.

பயிற்சி இரண்டு நாள் நடந்தது. காலை ஏழு மணிக்கு மைதானத்தைச் சுற்றி நடந்து, பறக்கக்கூடியது எதுவானாலும் பொறுக்க வேண்டும். பாலித்தீன் பை, தெர்மாகோல், தகரம், தோளில் கிடக்கும் துண்டு உட்பட. புழுதி கிளம்பாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஹெலிகாப்டர் இறங்கியதும் ஓடக்கூடாது. பைலட் கை காட்டிய பிறகு அவர் கண்ணுக்கு நேராக, முன்பக்கமாகத்தான் போக வேண்டும். வால் பக்கம் சுற்றுகிற சின்ன விசிறி கண்ணுக்கே தெரியாது, ஆளைச் சீவிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக ஒயர்.

“மேலேர்ந்து பாத்தா ஒயரு தெரியவே தெரியாது” என்றார் ஜோயல். “கம்பம் தெரியும். ரெண்டு கம்பம் இருந்தா நடுவுல ஒயரு இருக்கும்னு நாங்களே நெனச்சுக்குவோம். அவ்ளோதான். மீதிக்கு நீங்கதான் என் கண்ணு.”

இன்னொரு வழக்கமும் அப்பாவுவுக்கு விநோதமாகப் பட்டது. வரப்போகும் நோயாளி யார், என்ன அடி என்பதைப் பைலட்டுக்கு யாரும் சொல்லக்கூடாது.

“ஏன் சார், தெரிஞ்சா இன்னும் வேகமா வருவீங்கல்ல?”

“அதுக்குத்தான் சொல்லாதீங்கன்றேன். கொழந்தைன்னு தெரிஞ்சா, எறங்கக்கூடாத மழையிலயும் எறங்கலாம்னு தோணும். காத்து, வெளிச்சம், ஒயரு. எனக்கு இது மூணும் போதும்.”

கடைசிப் பாடம் மிகச் சுலபமானது என்று ஷெர்லின் நினைத்தார். “பைலட்டு, டாக்டரு, நானு, கீழ நீங்க. நாலு பேரும் சரின்னாதான் சரி. ஒருத்தர் வேணாம்னாலும் வேணாம். காரணம் சொல்ல வேண்டியதில்ல. ஏன்னு அந்த நேரத்துல யாரும் கேக்க மாட்டோம். பொறவு ஒக்காந்து பேசிக்கலாம். எங்க, ஒரு தடவ சொல்லிக் காட்டுங்க.”

எச்சின் மேல் ஒரு சைக்கிளை நிறுத்திவிட்டு, அவர் தூரப்போய் ரேடியோவில் கேட்டார். “கிரவுண்ட், எறங்கலாமா?”

“எறங்கலாம்மா. ஒரு சைக்கிள் கீது. அது ஒன்னும் பண்ணாது. ஆயிடும்.”

சைக்கிளை எடுத்துவிட்டு, மேய்ந்துகொண்டிருந்த ஒரு பசுவை ஓட்டிவந்து நிறுத்தினார்கள்.

“கிரவுண்ட், எறங்கலாமா?”

“எறங்கலாம்மா. ஒரே ஒரு மாடு. அதுவும் சாதுவானது.”

பதினான்கு முறை நடந்தது. பசுவே அலுத்துப்போய் உட்கார்ந்துவிட்டது. அப்பாவுவின் சட்டை நனைந்துவிட்டது.

“அண்ணா, வேணாம்னு ஒரு வார்த்த. அவ்ளோதான்.”

“சொல்ட்டேனேம்மா, மனசுல.”

“ஒங்க மனசு எனக்கு ரேடியோல கேக்காது” என்றார் ஜோயல்.

ஷெர்லின் பயிற்சிக் குறிப்பில் இப்படி எழுதினார்: ‘மைதானப் பராமரிப்பு மிக நன்று. வேண்டாம் என்று சொல்வதில் மட்டும் மேலும் பயிற்சி தேவை.’ எழுதிவிட்டுச் சற்று நேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு சொல் வராவிட்டால் போகப்போவது யார் யார் உயிர் என்பது, அந்த மைதானத்தில் மற்ற எல்லோரையும்விட அவருக்கு நன்றாகத் தெரியும்.

பதினோரு மாதம் ஓடியது. மூன்று முறை ஹெலிகாப்டர் வந்தது, இறங்கியது, ஏறியது. ஒரு காகிதம்கூடப் பறக்கவில்லை. அந்தச் சொல்லுக்கு வேலையும் வரவில்லை. அப்பாவு மைதானத்தைப் பெருக்கிப் பெருக்கி, பக்கத்து எல்லையம்மன் கோயில் பிராகாரத்தைவிடச் சுத்தமாக வைத்திருந்தார். அம்மனுக்கே கொஞ்சம் வருத்தம் என்று கேள்வி.

அம்மன் பழிவாங்கியது ஆடி மூன்றாம் வெள்ளியன்று என்று சொல்லலாம். ஆனால் அப்படிச் சொன்னால் உண்மைக் குற்றவாளி தப்பித்துவிடுவார்.

அன்று காலை ஏழு மணிச் சுற்றை அப்பாவு ஒழுங்காக முடித்துப் புத்தகத்தில் எழுதினார். ‘ஒயர், கம்பி: இல்லை.’ பதினோரு மணிக்குக் கோயில் விழாக்குழுத் தலைவர் இராமச்சந்திரன் வந்தார். அப்பாவுவும் அவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஐந்தாம் வகுப்பு வரை சேர்ந்து படித்தவர்கள். ஐந்தாம் வகுப்பை மட்டும் இரண்டு முறை.

“இன்னாபா அப்பாவு, ஒரு விஷயம். கோயில்லேர்ந்து வளைவு வரைக்கும் சீரியல் லைட்டு போடணும். ரோட்டு மேல இழுத்தா கன்டெய்னர் லாரிக்காரன் அத்துகினு பூட்றான். ஒன் கிரவுண்டு கெழக்கு மூல வழியா வுட்டா பத்தரமா இருக்கும். ஒரே ஒரு ஒயரு. ரெண்டே நாளு.”

அப்பாவுவின் மூளை ‘கிழக்கு மூலை’யைக் கவனித்தது. ஆடி மாதம் முழுக்க மேலைக் காற்று. காற்றை எதிர்த்துத்தான் ஹெலிகாப்டர் இறங்கும். ஆகவே கிழக்கிலிருந்துதான் வரும். இதெல்லாம் மூளைக்குத் தெரியும். ஆனால் வாய் ‘ஒரே ஒரு’ என்பதைக் கவனித்தது. வாய் முந்திக்கொண்டது.

“ஆயிடும்பா.”

இரண்டரை மணிக்குள், கோயில் வேப்பமரத்து உச்சிக் கிளையிலிருந்து சாலையோர அலங்கார வளைவு வரை கறுப்பு ஒயர் ஏறிவிட்டது. ஒரு மாதமாக ஹெலிகாப்டரைக் காணோம், இந்த இரண்டு நாளிலா வந்துவிடும் என்று அப்பாவு தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தனக்கும் அவரால் மறுக்க முடியவில்லை. புத்தகத்தில் காலையில் எழுதியது அப்படியே இருந்தது.

மூன்று ஐம்பதுக்கு ஹேமந்த் போன் செய்தார். “பிரஸ் ஷாப்ல ஆக்சிடென்ட். பையனுக்கு வலது கை மணிக்கட்டோட போச்சு. இங்க ஆஸ்பத்திரில ரத்தத்த நிறுத்திட்டாங்க, கைய ஐஸ்ல வெச்சிருக்காங்க. சீக்கிரம் மெட்ராஸ் போனா ஒட்ட வெச்சிடலாமாம். இருங்காட்டுக்கோட்டை கிட்ட லாரி கவுந்து ஹைவே அப்படியே நிக்குது. ஹெலிகாப்டர் கெளம்பிடுச்சு, பதினஞ்சு நிமிஷம். கிரவுண்ட் ரெடிதானே?”

“ரெடி சார்” என்றது வாய்.

போனை வைத்த பிறகுதான் மற்ற உறுப்புகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. அப்பாவு கோயிலுக்கு ஓடினார். விழாக்குழு முழுவதும் கரகம் எடுக்க ஏரிக்கரைக்குப் போயிருந்தது. ஏணியும் கூடப் போயிருந்தது, வழியில் ஸ்பீக்கர் கட்ட. இராமச்சந்திரனுக்குப் போன் அடித்தால், எதிர்முனையில் பம்பை உடுக்கைதான் பேசியது. ஒயரில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் சீரியல் லைட்டுகள் பச்சையும் சிவப்பும் மாறி மாறிக் கண்ணடித்தன. பிடித்து இழுக்கவும் வழியில்லை. மேற்குப் பக்கம் உயர்மின் கோபுரம். கிழக்கை விட்டால் ஹெலிகாப்டருக்கும் வழியில்லை.

கூட்டுரோட்டு ஆஸ்பத்திரி ஆம்புலன்ஸ் மைதானத்து ஓரம் வந்து நின்றது. கதவு திறந்தது. அப்பாவு எட்டிப் பார்த்தார்.

படுத்திருந்தது இசக்கி. பக்கத்தில் ஒரு நீல நிற ஐஸ் பெட்டி.

“அண்ணாச்சி, நீங்களா?” என்றான். உதடு வெளுத்திருந்தது. “நல்லதாப் போச்சு. பிளேன் இங்கன வந்துருமா அண்ணாச்சி?”

“ஆயிடும்பா” என்றார் அப்பாவு. வேறு என்ன சொல்வார், பாவம்.

கிழக்கே சத்தம் கேட்டது. ஏரிக்கு மேலே ஒரு புள்ளி. அதற்குள் ஜோயல் இருக்கிறார், ஒரு டாக்டர் இருக்கிறார், தன்னை அண்ணா என்று கூப்பிடுகிற ஷெர்லின் இருக்கிறார். இங்கே இசக்கி இருக்கிறான். நடுவில், இருபத்தைந்தடி உயரத்தில், அப்பாவு அனுமதித்த ஒரே ஒரு ஒயர் இருக்கிறது. பார்த்து எச்சரிக்கை ஆவதற்கு அதற்குக் கம்பம்கூட இல்லை. ஒரு வேப்பமரம், ஒரு மூங்கில் வளைவு.

ரேடியோ கரகரத்தது. “கிரவுண்ட், ரெண்டு நிமிஷம். கெழக்கால வர்றேன். எறங்கலாமா?”

அப்பாவு பொத்தானை அழுத்தினார். “ஆயிடும் சார்.”

ஜோயல் விடவில்லை. “ஆயிடும்னா? எறங்கலாமா, வேணாமா?”

ஆம்புலன்சுக்குள்ளிருந்து இசக்கி அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்காகவாவது இறங்கட்டும் என்று சொல்லிவிடலாம். தப்பித்தாலும் தப்பிக்கலாம், ஒரே ஒரு ஒயர்தானே, வானம் எவ்வளவு பெரியது. மீசை நுனியில் வேர்வை சொட்டியது. சைக்கிளையும் பசுவையும் நிறுத்திவைத்துப் பதினான்கு முறை கேட்டும் வராத சொல், இப்போது வந்தாக வேண்டும்.

“வேணாம் சார்” என்றார் அப்பாவு. அவருக்கே சரியாகக் கேட்காத குரல். “எறங்காதீங்க. ரெண்டாவது கிரவுண்டுக்குப் போங்க.”

“சரி. வேணாம். ரெண்டாவது கிரவுண்டு.”

அவ்வளவுதான். ஹெலிகாப்டர் மூக்கைத் தூக்கி மேலேறி வடக்கே திரும்பியது. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஐம்பத்து மூன்று வருடமாக அப்பாவு பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு கேள்விக்குத்தான். அது வரவே இல்லை. அவர் காலுக்கடியில் பூமி பிளக்கவில்லை.

“எங்க போவுது அண்ணாச்சி?” என்றான் இசக்கி.

“பக்கத்துல வேற எடத்துல எறங்குது. வா, நானும் வர்றேன்.”

இரண்டாவது மைதானம் என்பது மூன்று கிலோமீட்டரில் உள்ள ஓர் இன்ஜினியரிங் கல்லூரி மைதானம். முதல் இடம் சரிப்படாவிட்டால் உடனே போக ஓர் இடம் எப்போதும் தயாராக இருக்க வேண்டும் என்று ஷெர்லின் பிடிவாதமாக ஏற்பாடு செய்து, அங்கிருந்த காவலாளிக்கும் பயிற்சி கொடுத்திருந்தார். தொழிற்பேட்டையின் உள்சாலை வழியாக ஆம்புலன்ஸ் எட்டு நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. வழியெல்லாம் அப்பாவு ஐஸ் பெட்டியை மடியில் வைத்து, பச்சைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். காவலாளி கிரிக்கெட் ஆடியவர்களைக் கயிற்றுக்கு அப்பால் நிறுத்தியிருந்தார். ஸ்டம்பைக்கூடப் பிடுங்கி வைத்திருந்தார்.

ஹெலிகாப்டர் இறங்கி நின்றிருந்தது. பைலட் கை காட்டியதும் முன்பக்கமாகக் குனிந்து போனார்கள். ஷெர்லின் ஐஸ் பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்போதும் அவர் எதுவும் கேட்கவில்லை; அப்பாவுவின் முழங்கையை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறினார். நாலு இருபத்தைந்துக்கு அது சென்னைப் பக்கம் மறைந்தது.

மறுநாள் காலை, மாடிப்படியில் உட்கார்ந்திருந்த அப்பாவுவுக்கு ஷெர்லினிடமிருந்து போன் வந்தது. மாடியறைப் பையன்கள் ஏழு பேரும் ஷிப்டுக்குப் போகாமல் படியில் வரிசையாக நின்றிருந்தார்கள். ஏழு வருடத்தில் முதல்முறையாகக் கட்டில்கள் குளிர்ந்திருந்தன.

“ஒட்டியாச்சுண்ணா. ரத்தம் ஓட ஆரம்பிச்சிடுச்சு. இப்பத்தான் தொட்டுப் பாத்துட்டு வர்றேன், கை சூடா இருக்கு.”

அப்பாவு போனைச் சந்திரம்மாளிடம் கொடுத்துவிட்டு, கோயிலிலிருந்து வந்த கூழில் இரண்டு சொம்பு நிறுத்தாமல் குடித்தார். பையன்களில் ஒருவன் விசிலடித்தான். சந்திரம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?” என்றார். அவர் என்ன சொன்னார் என்பது ஊருக்குத் தெரிந்ததே.

வாரம் முடிவதற்குள் விசாரணை வந்தது. ஒரு படிவம். ‘வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம்’ என்ற இடத்தில் அப்பாவு, ‘கிழக்கு மூலையில் ஒயர்’ என்று எழுதினார். ‘ஒயர் கட்ட அனுமதித்தவர்’ என்ற இடத்தில் வெகுநேரம் பேனாவை உருட்டிவிட்டுத் தன் பெயரை எழுதினார். இனிஷியலோடு.

படிவத்தைப் படித்த ஹேமந்த் கொதித்துவிட்டார். “இவரே ஒயர கட்டவுட்டு, இவரே வேணாம்னுவாரா? இவர முதல்ல அனுப்பணும்.”

“தாராளமா அனுப்புங்க சார்” என்றார் ஷெர்லின். “அடுத்து வர்றவரும் ஒயரு கட்ட வுடுவாரு. ஆனா இந்தக் கட்டத்துல தன் பேர எழுத மாட்டாரு. எங்களுக்கு எழுதுறவர்தான் வேணும்.”

ஹேமந்த் நாலைந்து முறை மூச்சு விட்டார். பிறகு இரண்டு புது வழக்கங்கள் மட்டும் வந்தன. மைதானத்தைச் சுற்றி இருநூறு மீட்டருக்குள் யார் ஒயர் கட்டினாலும் முதலில் அப்பாவுவின் புத்தகத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ஏழு மணிச் சுற்றோடு மாலை மூன்று மணிக்கும் ஒரு சுற்று. கூடவே, ஷெர்லின் பழைய பயிற்சிக் குறிப்பை எடுத்து, ‘மேலும் பயிற்சி தேவை’ என்ற வரியைக் குறுக்கே அடித்துக் கையெழுத்திட்டார்.

டீக்கடைச் சாட்சிகள் சும்மா இருப்பார்களா?

“இன்னா அப்பாவு, ரேடியோல சொல்ட்டியாமே? மீசைய எப்ப எட்க்கப் போற?”

“நான் சொன்னது வேணாம்னு. பந்தயம் இன்னா? முடியாதுன்னு சொன்னாத்தான் மீச. நல்லா ஞாபகப்படுத்திப் பாரு. முடியாதுன்னு நான் யாருகிட்டயாவது சொன்னனா?”

சாட்சிகள் கூடி ஆராய்ந்து, பிரதிவாதி சட்டப்படி தப்பிக்கிறார் என்று தீர்ப்பளித்தார்கள். அப்பாவு எல்லோருக்கும் டீ வாங்கிக்கொடுத்தார். ஆனால் வழக்கமான கம்பீரம் இல்லை. மீசையைத் தடவும்போது கை பாதியில் நின்று நின்று போனது.

அடுத்த வியாழன் மருத்துவமனையில் போய் இசக்கியைப் பார்த்தார். கட்டுக்குள்ளிருந்து கட்டைவிரலின் நுனி மட்டும் வெளியே தெரிந்தது. “பாருங்க அண்ணாச்சி” என்று இசக்கி பல்லைக் கடித்தான். விரல் ஓர் அரிசி அளவு அசைந்தது. “தைப்பொங்கலுக்குப் போர்ட எடுத்து வைங்க. மொத ஆட்டத்துல ரெட்டு எனக்கு.”

அன்று மாலை இராமச்சந்திரன் வந்தார். மறுநாள் ஆடிக் கடைசி வெள்ளி. மைதானத்து ஓரக் கொட்டகையில் உட்காரவைத்து அப்பாவு டீ ஊற்றிக் கொடுத்தார்.

“நடந்தது நடந்துபோச்சுபா. நாளைக்குக் கடசி வெள்ளி. வளைவு இருட்டா கீதுன்னு ஊரே கேக்குது. அதே மூல, அதே ஒயரு. இன்னொரு இருவதடி ஒசரமாக் கட்டிட்றோம். ஒரே ஒரு நாளு. எனக்காக.”

அப்பாவு மேற்கே பார்த்தார். காற்று அடித்துக்கொண்டிருந்தது. பதிவுப் புத்தகம் மேசைமேல் இருந்தது. அதை எடுத்துத் திறந்தார், மூடினார். பிறகு, டீ கொதிக்கிறதா என்று கேட்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

“முடியாதுபா.”

இராமச்சந்திரன் டம்ளரை வாயருகே வைத்தபடியே இருந்தார். ஒன்றாம் வகுப்பிலிருந்து பழகிய வாய் அது.

“இன்னா சொன்ன?”

“முடியாது. மண்ணுக்கடியில பைப்பு வுட்டு ஒயர கொண்டுபோ, நானே வந்து தோண்டித் தர்றேன். மேல முடியாது. டீ ஆறுது, குடி.”

இராமச்சந்திரன் டீயைக் குடித்தார். கோபித்துக்கொள்ளத்தான் வந்தது, ஆனால் மண்வெட்டி யாருடையது என்பதில் பேச்சு திரும்பிவிட்டதால், அதற்கு நேரம் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் இருட்டுவதற்குள் பாதித் தூரம் தோண்டிவிட்டார்கள்.

அந்தச் சொல்லைக் கேட்ட சாட்சி ஒருவர்தான். அவர் யாரிடமும் சொல்லவில்லை; அப்பாவு வாயிலிருந்து அது வந்ததென்றால் யார் நம்புவார்கள்?

மறுநாள் காலை ஏழு மணிச் சுற்றுக்கு அப்பாவு ஹெல்மெட்டோடு வந்தார். இரு பக்கமும் வெளியே எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை. மேலுதடு புதிதாகச் சுண்ணாம்பு அடித்த சுவர்போல இருந்தது. மைதானத்தைச் சுற்றி வந்தார், ஒரு பாலித்தீன் பையைப் பொறுக்கினார், கிழக்கு மூலையில் நின்று அண்ணாந்து பார்த்தார். கொட்டகைக்குத் திரும்பி, புத்தகத்தைத் திறந்து எழுதினார்.

‘ஒயர், கம்பி: இல்லை. பறக்கக்கூடிய பொருள்: எதுவும் இல்லை.’